காலி செய்ய முடியாத ஏரி

பாசன ஏரிக்கு வருடத்துக்கு ஒரு முறை ஓய்வு கிடைக்கும். அறுவடை முடிந்து, பங்குனி சித்திரையில் தண்ணீர் வற்றி, மதகின் அடிப்படி வெளியே தெரியும். அப்போது இறங்கி வண்டல் வாரலாம், சரிந்த கல்லைத் திருப்பி அடுக்கலாம், ஷட்டரின் அடிவிளிம்பைக் கையால் தடவிப் பார்க்கலாம். ஊரார் கூடி ஏரியைப் பழுது பார்க்கும் குடிமராமத்து என்ற ஏற்பாடே இந்த வறண்ட மாதங்களை நம்பித்தான் நடந்தது. குடிநீர் ஏரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நகரத்துக்குத் தாகம் கூடுவதே கோடையில்தான். அந்த நேரத்தில் ஏரியை வடியவிட்டுப் பழுது பார்க்கிறோம் என்று எந்தப் பொறியாளரும் கோப்பு எழுத முடியாது. ஆகவே தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாதி அணையை யாரும் பார்க்காமலேயே பத்து வருடம் ஓடிவிடும். வயதான குடிநீர் அணைகளின் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. பார்க்க முடியாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை, பார்க்க முடிகிற இடத்தில் அளந்து தெரிந்துகொள்வதுதான் பராமரிப்பு. பெயின்ட் அடிப்பதும் புல் வெட்டுவதும் அதற்குப் பிறகு.

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்வோம். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி, தண்ணீர் பரவும் பரப்பு ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர். 120 அடி மேட்டூருக்கு முன்னால் உயரத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு மண் கரை. பாசனத்துக்காக எழுந்த கரை பிற்காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் தாங்கும் கரையாக மாறியது. வெளிப்புறம் வயல்களாக இருந்த இடத்தில் இன்று வீடுகள். உபரி நீர் போகும் வழி அடையாறு. அது மாநகருக்குள் புகுந்துதான் கடலுக்குப் போக வேண்டும். 2007-ல் இங்கே தொடங்கிய சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர். முழுத் திறனில் ஓடினால் அது மட்டும் தினமும் 19 மில்லியன் கன அடி அளவுக்கு எடுக்கும்.

கரையும் ஷட்டர்களும் நீர்வளத் துறையின் பொறுப்பு. தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து குழாயில் விடுவது 1978-ல் உருவான சென்னைக் குடிநீர் வாரியம். ஒரு தரப்பு கரையைப் பார்க்கிறது, மற்றது மட்டத்தைப் பார்க்கிறது. இரண்டு பேரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தாலே இழுபறி வரும். பராமரிப்புக்காக மட்டத்தை இரண்டு அடி குறைக்க வேண்டுமென்றால் முதலில் நடப்பது பொறியியல் விவாதம் அல்ல, கடிதப் போக்குவரத்து.

<b>கசிவை அளப்பது</b>

மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். "எங்கள் கரையில் ஒரு சொட்டுக்கூடக் கசிவில்லை" என்று யாராவது சொன்னால், ஒன்று வடிகால் அடைத்துக் கிடக்கிறது, அல்லது அவர் கரையடிப் புதருக்குள் இறங்கவே இல்லை. கசிவு இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. எவ்வளவு, எங்கே, என்ன நிறத்தில், ஏரி மட்டத்தோடு எப்படிக் கூடிக் குறைகிறது என்பவைதான் கேள்விகள்.

கசிவு நீரைக் கரையடி வடிகாலில் திரட்டி, சில நூறு மீட்டருக்கு ஒன்று வீதம் 'வி' வடிவ வெட்டுத் தகடு வைத்து அளப்பதுதான் வழக்கம். 90 பாகை வெட்டு உள்ள தகட்டில், வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் 5 செ.மீ. நின்றால் ஓட்டம் வினாடிக்குச் சுமார் 0.77 லிட்டர். 10 செ.மீ. நின்றால் 4.36 லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்கைத் தாண்டிவிடும். அதனால்தான் "போன மாதத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்று கண்ணளவில் எழுதும் குறிப்பு எதற்கும் உதவாது; மில்லிமீட்டரில் எழுத வேண்டும். அளவுகோலைத் தகட்டின் மேலேயே ஒட்டக் கூடாது, அங்கே நீர்ப்பரப்பு தாழ்ந்து வளையும். நீர் உயரத்தைப்போல் நான்கு மடங்கு தூரம் பின்னால், அமைதியான இடத்தில் நட வேண்டும். தகட்டின் விளிம்பு கூராக இருக்க வேண்டும். பாசி பிடித்தால் அளவு பொய் சொல்லும். தகட்டைத் தாண்டி விழும் தண்ணீருக்குக் கீழே காற்று போக இடமும் வேண்டும். கீழ்ப்பக்கம் தண்ணீர் தேங்கித் தகட்டை முழுக்கினால் அன்றைய அளவைக் குப்பையில் போடலாம். தகடே இல்லாத இடத்தில் 15 லிட்டர் வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். வாளி 20 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு முக்கால் லிட்டர்.

பதிவேட்டில் தேதி, ஏரி மட்டம், ஒவ்வொரு தகட்டின் அளவு, முந்தைய இரண்டு நாள் மழை, நீரின் நிறம் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். வரைபடம் போடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். தேதிக்கு எதிராகப் போட்டால் ஏரி நிரம்பும்போது கசிவும் ஏறுவது தெரியும், அவ்வளவுதான். ஏரி மட்டத்துக்கு எதிராகப் போட வேண்டும். 21 அடியில் முன்பு வினாடிக்கு 0.8 லிட்டர் இருந்த இடம் இந்த வருடம் அதே 21 அடியில் 1.5 லிட்டர் காட்டினால், உள்ளே ஏதோ பாதை திறக்கிறது. இதற்கு நேர்மாறானது இன்னும் தந்திரமானது. அதே மட்டத்தில் கசிவு குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. மண்ணைத் தடுத்து நீரை மட்டும் வெளியே விடும் வடிமணல் அடுக்கு அடைபட்டு, வெளியேற வழியில்லாத நீர் கரையின் வயிற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கலாம். வெளிச்சரிவில் புதிதாக ஈரம், நாணல், கோரை தென்படுகிறதா, கரைக்குள் நீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று காட்டும் அழுத்தமானிக் குழாய்களில் மட்டம் ஏறுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கோடையில் மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருந்தால், அங்கே ஒரு முளைக்குச்சி அடித்து எண் போடுங்கள்.

நகரத்தை ஒட்டிய ஏரிகளுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை உண்டு. கரையடி வடிகாலில் வீட்டுக் கழிவுநீரும் வந்து சேரும். அப்போது தகடு காட்டுவது கசிவா சாக்கடையா என்று தெரியாது. நீரில் கரைந்த உப்பைக் காட்டிக்கொடுக்கும் மின்கடத்துத்திறன் மானி ஒன்றை வாங்கி வைத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். ஏரி நீருக்கு அது காட்டும் எண்ணும் கழிவுநீருக்குக் காட்டும் எண்ணும் ஒன்றாக இருப்பது அரிது. கழிவுநீர் ஓட்டம் காலையில் ஏறி இரவில் இறங்கும், கசிவு அப்படி ஆடாது. எனவே அதிகாலை மூன்று மணிக்கு ஒரு அளவு எடுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை.

நிறத்தைப் பொறுத்தவரை, தெளிந்த கசிவு கண்காணிப்புக்குரியது, கலங்கிய கசிவு அவசரம். ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால், அடியில் படியும் மண் கரையின் உள்ளிருந்து வந்தது. மழை நாளில் சரிவில் வழியும் செம்மண் நீர் இதில் கலந்து ஏமாற்றும் என்பதால், மழை விட்ட பிறகு மறுபடியும் பிடிக்க வேண்டும்.

மண் அரித்துக்கொண்டு ஊற்று கிளம்பினால் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு: களிமண்ணையோ சிமென்ட்டையோ போட்டு வாயை அடைப்பது. பதறும் கைகள் முதலில் அதைத்தான் செய்யும். அரிப்பு தொடங்குவது வெளி முனையில். அங்கிருந்து பின்னோக்கி ஏரியை நோக்கிக் குடைந்துகொண்டு போகும். வாயை அடைத்தால் நீர் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும், இம்முறை கூடுதல் அழுத்தத்தோடு. தண்ணீரை விட வேண்டும், மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். முதலில் ஒரு அடி கனத்துக்குப் பருமணல், அதன்மேல் சிறுசல்லி, அதன்மேல் கருங்கல் என்று தலைகீழ் வடிகட்டி போட வேண்டும். ஓட்டம் வேகமாக இருந்து மணல் நிற்கவில்லையென்றால், ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளால் வட்டமாகக் கட்டி உள்ளே நீர் மட்டத்தை ஒன்றிரண்டு அடி உயர்த்தினால் வேகம் அடங்கும். வட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு குழாயோ வாய்க்காலோ விட்டு, தெளிந்த நீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும்.

எந்த மணல் என்பதற்கு மண் பொறியியல் அறிஞர் டெர்சாகி வகுத்த விதி இன்றும் போதுமானது. காக்க வேண்டிய மண்ணில் எடையில் 85 சதவீதம் எந்த அளவுச் சல்லடையைத் தாண்டுகிறது என்று பாருங்கள். வடிமணலில் 15 சதவீதம் தாண்டும் அளவு அதைப்போல் நான்கு மடங்குக்குள் இருக்க வேண்டும். மண்ணின் அளவு 0.5 மி.மீ. என்றால் மணலின் அளவு 2 மி.மீ.க்குக் கீழே. அதைவிடப் பருமனாகப் போட்டால் மண் ஊடுருவி ஓடிவிடும். மிக நைசாகப் போட்டாலும் தவறு, தண்ணீர் தேங்கும். மண்ணில் 15 சதவீதம் தாண்டும் அளவைப்போல் குறைந்தது நான்கு மடங்காவது வடிமணலில் இருக்க வேண்டும். கட்டுமானத்துக்கு வரும் மணலை அப்படியே கொட்டுவது சில சமயம் பொருந்தும், சில சமயம் பொருந்தாது. சல்லடை சோதனைக்கு ஒரு நாள்தான் ஆகும். மழைக்கு முன்பே செய்து, தேறிய மணலைக் கரையோரம் குவித்து வைத்துவிட்டால், இரவு இரண்டு மணிக்கு யாரும் சல்லடை தேட வேண்டாம்.

<b>வேரும் வளையும்</b>

கரையில் மரம் நிற்பது அழகு. மண் பிடிக்கும் என்ற நம்பிக்கையும் மக்களிடம் பலமாக இருக்கிறது. புல் பிடிக்கும், மரம் பிடிக்காது. வேர் உயிரோடு இருக்கும்வரை பெரிய கேடில்லை. மரம் பட்டுப்போய் வேர் மக்கியதும் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சுரங்கம் மிஞ்சும். புயலில் மரம் வேரோடு சாய்ந்தால் கரையில் ஒரு வண்டி மண் ஒரே நொடியில் காணாமல் போகும். சீமைக்கருவேலம் இன்னொரு வகையில் கெடுதல்: அது படர்ந்த சரிவில் யாரும் நடக்க முடியாது, நடக்காத சரிவில் எதுவும் கண்ணில் படாது.

ஆனால் வளர்ந்துவிட்ட மரத்தை ஏரி நிரம்பியிருக்கும்போது வேரோடு பிடுங்குவது மரம் நிற்பதைவிட மோசம். மட்டம் தாழ்ந்த மாதங்களில் வெட்டி, தூரையும் பெருவேர்களையும் தோண்டி எடுத்து, குழியின் பக்கங்களைச் சரிவாக்கி, கரை மண்ணையே 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு இறுக்க வேண்டும். ஈரப்பதம் சரியா என்று பார்க்கக் கைப்பிடி மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் ஈரமாகக் கூடாது. ஆய்வகச் சோதனையில் வரும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதமாவது வர வேண்டும். ஜே.சி.பி. வாளியால் நாலு தட்டு தட்டி மூடிய குழி, அடுத்த மழையில் ஒரு சாண் இறங்கும்.

எலி, நண்டு, முள்ளம்பன்றி, உடும்பு, கரையான் என்று கரைக்குள் குடியிருப்போர் பட்டியல் நீளம். மேல்வாயில் மண்வெட்டியால் இரண்டு கூடை தள்ளி மிதித்துவிட்டுப் போவது வழக்கமான வைத்தியம். வாய் மூடும், வளை அப்படியே இருக்கும். சரியான முறை, வளையின் வாயில் ஒரு குழாயைச் செருகி, சுற்றிலும் மண் அடைத்து, ஒன்பது பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சிமென்ட் கலந்து கூழாகக் கரைத்து, குழாய் நிரம்பி நிற்கும்வரை ஊற்றுவது. எத்தனை வாளி பிடித்தது என்று எழுதி வைக்க வேண்டும். நாலு வாளியில் நிரம்பினால் எலி. நாற்பது வாளி ஊற்றியும் நிரம்பாவிட்டால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வெட்டிப் பார்க்க வேண்டும்.

களைக்கொல்லி அடித்தால் இந்த வேலையெல்லாம் எளிதாகும் என்று யாராவது சொல்வார்கள். குடிநீர் ஏரியின் உள்சரிவில் அதற்கு இடமே இல்லை. அரிவாளும் ஆட்களும்தான். ஷட்டருக்கு அடிக்கும் பெயின்ட்டுக்கும் இதே கணக்கு. தார் கலந்த எபாக்சி மலிவு, நன்றாகவும் உழைக்கும், ஆனால் குடிக்கும் தண்ணீரில் அது மூழ்கி இருக்கக் கூடாது. குடிநீருக்கென்று சான்று பெற்ற எபாக்சி பூச்சுதான் வேண்டும். நீருக்குள் இருக்கும் உருளைகளுக்கு உணவுத் தொழிலுக்கான கிரீஸ். விலை கூடுதல் என்பதால் ஒப்பந்தப் பட்டியலிலேயே தனி வரியாக எழுதாவிட்டால் வராது.

கரையின் மேல்தளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளத்தில் கரையின் சராசரி உயரம் எதையும் தீர்மானிக்காது, மிகத் தாழ்ந்த ஒரே இடம்தான் தீர்மானிக்கும். 50 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் வருடம் ஒரு முறை மட்டம் எடுத்து, முந்தைய ஆண்டின் கோட்டோடு ஒட்டிப் பார்த்தால் போதும். வண்டிகள் ஏறி இறங்கும் சாய்பாதைகளும், குழாய் பதிக்க வெட்டி மூடிய இடங்களும் எப்போதும் தாழ்ந்திருக்கும். நீளவாக்கு விரிசலைவிட, கரையைக் குறுக்கே வெட்டும் விரிசல் ஆபத்து. அது ஏரியிலிருந்து வெளியே போக ஆயத்தமான வழி. ஆழம் தெரியாமல் விரிசலின் மேல்வாயைப் பூசி மறைக்கக் கூடாது.

<b>கரைக்குள் ஓடும் குழாய்</b>

மண் கரையின் ஊடே கல்லாலோ கான்கிரீட்டாலோ ஒரு குழல் போகிற இடம்தான் எந்தப் பழைய ஏரியிலும் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம். கட்டும்போது குழலின் பக்கவாட்டில் மண்ணை நன்றாக இறுக்க முடிவதில்லை. பிறகு மண் கீழே அமர்கிறது, குழல் அமர்வதில்லை. இடையில் விழும் இடைவெளி நீருக்குப் போதும். குழலின் மூட்டுகள் விட்டுப்போனால் அரிப்பு இரு திசையிலும் நடக்கும். ஷட்டர் ஏரிப் பக்கம் இருந்தால் குழல் காலியாக இருக்கும்; மூட்டு வழியாகக் கரை மண் உள்ளே விழுந்து நீரோடு போய்விடும். வால்வு வெளி முனையில் மட்டும் இருந்தால் குழல் எப்போதும் ஏரியின் முழு அழுத்தத்தில் நிற்கும். கசிந்தால் கரையின் நடுவயிற்றில் தண்ணீரைப் பீய்ச்சும். இரண்டாவதுதான் மோசம். அப்படி இருக்கும் பழைய அமைப்புகளில் ஏரிப் பக்கம் ஒரு காவல் ஷட்டர் சேர்ப்பது, செலவழிக்கும் பணத்துக்கு அதிகப் பலன் தரும் திருத்தம் என்பது என் கருத்து.

1864 மார்ச் 11 இரவு, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரக் குடிநீருக்காகக் கட்டிய டேல் டைக் மண் அணை முதல் நிரப்பத்திலேயே உடைந்து, குறைந்தது 240 பேர் இறந்தார்கள். கரைக்கு அடியில் பதித்த 18 அங்குலக் குழாய்கள் காரணமா என்ற வாதம் அப்போதே எழுந்தது. காரணம் எதுவாயினும், கரைக்குள் போகும் குழாயைப் பொறியாளர்கள் நம்பாமல் பார்க்கப் பழகியது இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான்.

குழலைப் பார்க்க இப்போது ஆள் நுழைய வேண்டியதில்லை. காவல் ஷட்டரை மூடி, நீரை வடித்து, சக்கரம் வைத்த கேமராவை ஓட்டினால் ஒரே நாளில் முடியும். மூட்டுக்கு மூட்டு தூரம் குறித்து, எங்கே நீர் ஒழுகுகிறது, எங்கே மண் படிந்திருக்கிறது என்று எழுத வேண்டும். குழலின் தரையில் ஒரே இடத்தில் மட்டும் புதுமண் குவியல் இருந்தால், அதற்கு நேர் மேலே கரையில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். ஆள் நுழைந்துதான் ஆக வேண்டுமென்றால் நச்சு வாயுச் சோதனை, காற்றூதி, இடுப்புக்கயிறு, வெளியே ஒரு ஆள் எல்லாம் கட்டாயம். தேங்கிய அடிநீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும்.

<b>ஷட்டர்கள்</b>

அண்மையில் நம்மைச் சுற்றி நடந்தவற்றைப் பார்த்தால், சுவர் பிளந்ததைவிட ஷட்டர் காலை வாரியதே அதிகம் கண்ணில் படுகிறது. 2017-ல் கிருஷ்ணகிரி அணையில் ஒரு ஷட்டர் உடைந்தது. 2021 நவம்பர் 19-ல் ஆந்திராவின் அன்னமய்யா அணையில் ஐந்து ஷட்டர்களில் ஒன்று வேலை செய்யாத நிலையில் வெள்ளம் வந்து, மண் கரை அடித்துச் செல்லப்பட்டது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் எதிர் எடையைத் தாங்கிய இணைப்பு அறுந்து நடு ஷட்டர் போனது. 2024 ஆகஸ்ட் 10 இரவு, துங்கபத்ராவின் 33 ஷட்டர்களில் 19-வது ஷட்டரின் சங்கிலி அறுந்தது. ஓடும் நீரிலேயே தடுப்புப் பலகைகளை இறக்கித்தான் அதை அடைக்க முடிந்தது. இந்தப் பட்டியலில் பரம்பிக்குளமும் துங்கபத்ராவும் காட்டுவது, அன்றாடம் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு இணைப்போ கண்ணியோ ஷட்டரையே கொண்டுபோகும் என்பதை.

செம்பரம்பாக்கத்தில் 5 கண், 19 கண் என்று இரண்டு ஷட்டர் வரிசைகள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பருக்குள், ஒவ்வொன்றையும் தூக்கி இறக்கிப் பார்த்துவிட வேண்டும். ஏரியில் தண்ணீர் இருந்தால் முழுதாகத் திறக்க முடியாது. முன்னால் தடுப்புப் பலகை இறக்கி, இடையில் உள்ள நீரை வடித்துவிட்டு, முழு உயரத்துக்கும் ஓட்ட வேண்டும். அந்தப் பலகைகள் பள்ளத்தில் உட்காருகின்றனவா என்பதும் இதே சோதனையில் தெரிந்துவிடும். தூக்கும்போது மோட்டார் எடுக்கும் ஆம்பியரை எழுதுங்கள். போன வருடம் 8 எடுத்த மோட்டார் இந்த வருடம் 11 எடுத்தால் உருளை சிக்குகிறது, அல்லது ஷட்டர் கோணலாக ஏறுகிறது. கம்பிவடத்தை டிரம்மின் மேலும், ஷட்டரோடு சேரும் அடிமுனையிலும் வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். விட்டம் 10 சதவீதம் குறைவதற்குள் மாற்றிவிட வேண்டும். பெரும்பாலும் கெடுவது அடிமுனை. ஈரமும் காற்றும் மாறி மாறிப் படுவது அங்கே, கிரீஸ் தடவப் போகிறவரின் கை எட்டாததும் அங்கே. பக்க ரப்பர் முத்திரைகள் வெடித்திருந்தால் நீர் வீணாவது மட்டுமல்ல, பீய்ச்சும் நீர் ஷட்டரை நடுங்க வைத்து மறையாணிகளைத் தளர்த்தும்.

புயல் இரவில் மின்சாரம் இருக்காது என்றே திட்டமிட வேண்டும். டீசல் ஜெனரேட்டரைச் சும்மா ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஷட்டர் மோட்டாரை அதில் மாட்டித் தூக்க வேண்டும். அதுவும் கிளம்பாவிட்டால் கைப்பிடி சுற்ற வேண்டும். ஒரு அடி தூக்க எத்தனை சுற்று, எத்தனை நிமிடம், எத்தனை பேர் மாற்றி மாற்றி வேண்டும் என்று ஒரு முறை செய்து பார்த்து, அந்த எண்ணை ஷட்டர் மேடையிலேயே எழுதி வையுங்கள். ஷட்டரை இயக்கும் லஸ்கர் மூன்று பேர் இருக்கிறார்கள், 19 கண் என்றால் கணக்கு உதைப்பது அப்போது தெரியும். அந்த மேடைக்குப் போகும் பாதை வெள்ளத்தில் மூழ்குமா என்பதையும் இதோடு பார்த்துவிடலாம்.

<b>இரண்டு அடி</b>

2015 டிசம்பர் 1-ம் தேதி மழை பற்றி எழுதாமல் செம்பரம்பாக்கம் பற்றி எழுத முடியாது. மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் அங்கே பதிவான மழை 47 செ.மீ. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். யார் எப்போது முடிவெடுத்திருக்க வேண்டும் என்ற வழக்காடல் இன்னும் ஓயவில்லை. அதை விட்டுவிட்டு வெறும் கணக்கைப் பார்க்கலாம்.

ஏரி நிறைந்திருக்கும் நிலையில் மேல் ஒரு அடி என்பது ஏறத்தாழ 270 மில்லியன் கன அடி. 22 அடியில் நிறுத்திவைத்தால் முழு உயரத்துக்கு மீதமுள்ள இடம் 500-க்குச் சற்று மேல். வினாடிக்கு 20,000 கன அடி உள்ளே வந்தால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லியன் கன அடி. அதாவது எதையுமே திறக்காவிட்டால் அந்த இரண்டு அடி ஏழரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆற்றுக்கு நோகாமல் வினாடிக்கு 1,000 கன அடி திறந்து அதே இரண்டு அடியைக் காலி செய்ய ஆறு நாள் வேண்டும். நிரம்ப ஏழரை மணி நேரம், வடிய ஆறு நாள்: இந்தப் பொருத்தமின்மைதான் முழுப் பிரச்சினையும். வானிலை எச்சரிக்கை நம்பகமாகக் கிடைப்பது இரண்டு மூன்று நாள் முன்புதான். எனவே அக்டோபர் நவம்பரில் எந்தத் தேதிக்கு எந்த மட்டம் என்பது மழை வருவதற்கு முன்பே எழுதி, கையெழுத்தாகி இருக்க வேண்டும். 2020-ல் நிவர் புயலின்போது 22 அடியை எட்டியதும் முதலில் 1,000 கன அடியில் தொடங்கிப் படிப்படியாக 9,000 வரை கூட்டியது இப்படிப்பட்ட வழிமுறைதான்.

வெள்ளம் வடியும்போதும் ஒரு கண் வேண்டும். குடிநீருக்கு எடுப்பதால் ஏரி ஒரு நாளைக்கு ஒரு அங்குலம்கூட இறங்காது. அதனால் உள்சரிவு அப்படியே நனைந்து கிடந்து பழகியிருக்கும். வரத்து நின்ற பிறகும் ஷட்டரை முழுதாகத் திறந்தே வைத்தால் மட்டம் சட்டென்று இறங்கும். கரைக்குள் ஊறிய நீர் அதே வேகத்தில் வெளியேற முடியாமல் உள்சரிவை ஏரிப் பக்கம் தள்ளும். பழைய மண் கரைகளுக்கு ஒரு நாளில் ஒரு அடிக்கு மேல் இறக்காமல் இருப்பது பல இடங்களில் கடைப்பிடிக்கும் வரம்பு. செம்பரம்பாக்கத்தில் அது, வரத்தைக் கழித்துப் பார்த்தால், வினாடிக்கு 3,100 கன அடிக்குச் சமம்.

<b>வறட்சியில் செய்ய வேண்டியது</b>

2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. ஊர் ரயிலில் வந்த தண்ணீரைக் குடித்தது. குடிநீர் ஏரியின் அடிவயிறு வெளியே தெரிவது இப்படிப்பட்ட பஞ்ச காலத்தில் மட்டும்தான், அதுவும் சில வாரங்களுக்கு. பஞ்சம் தொடங்கிய பிறகு மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்தம் கோரி, ஆணை வருவதற்குள் மழை வந்துவிடும். ஆகவே வறட்சிக்கான வேலைப் பட்டியல் ஏரி நிறைந்திருக்கும் வருடத்திலேயே தயாராக இருக்க வேண்டும்: உள்சரிவின் அடிக் கல்வரிசை, மதகு வாயின் சட்டம், குப்பை தடுக்கும் கம்பிகள், ஷட்டர் அமரும் அடிக்கட்டையின் விளிம்பு, முன்பு உடைந்து அடைத்த இடங்களின் மூட்டு, ஏரித்தரை முழுக்க மட்ட அளவை.

தூர் வாருவது இந்த நேரத்தில் எல்லோருக்கும் பிடித்த வேலை. வண்டி வந்து போக வசதி என்பதால் கரையை ஒட்டியே தோண்டுவார்கள். கரையை ஒட்டிப் படிந்த நைசான வண்டல் ஏரிக்கு இயற்கையாக அமைந்த களிமண் பாய். அதைக் கிழித்தால் கீழே மணல் அடுக்கு திறந்து, மறு ஆண்டு வெளிப்பக்கம் ஊற்று கிளம்பும். 24 அடி நீர் நிற்கும் கரையிலிருந்து 240 அடிக்குள் வாளியே படக் கூடாது என்று எல்லைக்கல் நட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. எத்தனை யூனிட் எடுத்தார்கள் என்பதைவிட எங்கே எடுத்தார்கள் என்பது முக்கியம்.

காய்ந்த கரைக்கு வரும் முதல் தண்ணீரைப் புது அணையின் முதல் நிரப்பமாகவே கருத வேண்டும். மாதக்கணக்கில் வெயில் குடித்த களிமண் கரையில் மேலிருந்து ஆழமாக வெடிப்புகள் இறங்கியிருக்கும். அவை ஊறி மூடுவதற்கு நேரம் வேண்டும். பூண்டியிலிருந்தும் கிருஷ்ணா கால்வாயிலிருந்தும் வரும் நீரைக் கட்டுப்படுத்த முடியும் என்றால், மூன்று அடிக்கு ஒரு முறை சில நாள் நிறுத்தி, காலையும் மாலையும் கரையடி முழுக்க நடந்து, எல்லாத் தகடுகளையும் வாசித்துவிட்டு அடுத்த மூன்று அடிக்குப் போகலாம். ஐப்பசி மழை அந்த அவகாசத்தைத் தராது என்றால் நடையாவது இரட்டிப்பாக வேண்டும்.

2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டம் அதன் வரம்பில் வரும் ஒவ்வொரு அணைக்கும் மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என ஆய்வையும், அவசரச் செயல்திட்டத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறது. 15 மீட்டருக்கு மேற்பட்ட எல்லா அணைகளும் அதில் அடக்கம். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் போன்ற வரம்புகளில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே அடக்கம். அந்தச் செயல்திட்டம் பெரும்பாலும் தடித்த நூலாக அச்சாகி அலுவலக அலமாரியில் இருக்கும். ஷட்டர் மேடையில் வேண்டியது அதன் ஒரு பக்கம் மட்டும்: எந்த மட்டத்தில் யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், கைப்பேசிக் கோபுரம் செத்தால் வயர்லெஸ் கருவி எங்கே, மணல் மூட்டையும் சவுக்குக் கழியும் சலித்த மணலும் சல்லியும் கரையின் எந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு, அங்கே மழையில் லாரி போகுமா. எண்களில் பாதி பணியிட மாற்றத்தில் மாறிவிடும் என்பதால், அந்தத் தாளை ஒவ்வொரு செப்டம்பரிலும் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும். ஒட்டும் முன் ஒவ்வொரு எண்ணையும் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு முறை அழைத்துப் பார்த்துவிட வேண்டும்.